வெர்ஜா, லீவரா? பழைய ஆங்கிலேய பாக்கெட் வாட்ச்சை அடையாளம் காண்பது

பழைய ஆங்கிலேய பாக்கெட் வாட்ச் கிடைத்தால் எல்லோரும் முதலில் படிப்பது அதில் பொறித்த பெயரைத்தான். பெயரை அப்புறம் பார்க்கலாம். உள்ளே ஓடுவது வெர்ஜா, லீவரா என்பதுதான் முதல் கேள்வி. ஸ்பிரிங்கின் விசையைச் சிறிது சிறிதாக விட்டு வாட்ச்சைச் சீராக ஓடவைக்கும் அமைப்பின் இரு வகைகள் இவை.

கண்ணாடி மூடியைத் திறந்து, 6 மணிப் பக்கம் இருக்கும் சிறு கொக்கியை நகத்தால் தள்ளினால், 12 மணிப் பக்கக் கீலில் இயந்திரம் வெளியே திரும்பி வரும். பக்கவாட்டில் பாருங்கள். கிரீடம் போன்ற பற்களுள்ள ஒரு சக்கரம் செங்குத்தாக நின்றால் அது வெர்ஜ். எல்லாச் சக்கரங்களும் படுத்திருந்தால் பெரும்பாலும் லீவர். சிலிண்டர், டூப்ளெக்ஸ் வகைகளிலும் சக்கரங்கள் படுத்தேதான் இருக்கும், ஆனால் அவை குறைவாகவே கண்ணில் படும்.

வெர்ஜ் என்றால் பழையது, லீவர் என்றால் புதியது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஆங்கிலேயக் கடிகாரக் கலைஞர் தாமஸ் மட்ஜ் 1750-களிலேயே லீவரைக் கண்டுபிடித்துவிட்டார். வெர்ஜோ 1850-களிலும் தயாரானது. விலை குறைவு, சிற்றூர்க் கடிகாரக்காரருக்கும் பழகிய வேலை. அதனால் 1825-இன் லீவரும் 1850-இன் வெர்ஜும் இருக்கத்தான் செய்கின்றன.

நேரம் காட்டுவதில் இரண்டுக்கும் போட்டியே இல்லை. வெர்ஜில், முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரம் ஒரு கணமும் விடுதலையாக ஆடுவதில்லை. ஸ்பிரிங்கின் விசை கூடினாலும் குறைந்தாலும் ஓட்டம் மாறும். நாளுக்குச் சில நிமிடங்கள் பிசகுவது அதற்கு இயல்பு. லீவரில் ஆட்டத்தின் நடுவில் மட்டும் ஒரு சிறு தள்ளல், மற்ற நேரமெல்லாம் சக்கரம் தன்போக்கில் ஆடும். நல்ல நிலையில் உள்ள லீவரை இன்றும் நம்பிச் சட்டைப்பையில் வைக்கலாம்.

விசையைச் சமப்படுத்தும் ஃபியூசி கூம்பும், அதில் சுற்றும் நூல் போன்ற சங்கிலியும் வெர்ஜுக்குக் கட்டாயத் தேவை. லீவருக்கு அவ்வளவு தேவையில்லை. இருந்தும் ஆங்கிலேயர் 19-ஆம் நூற்றாண்டு முழுவதும் அதை விடவில்லை. அன்று ஹாம்ப்ஷயரில் இருந்த கிரைஸ்ட்சர்ச் ஊரில் பெண்களும் சிறுவர்களும் கண்ணைக் கெடுத்துக்கொண்டு அந்தச் சங்கிலிகளைக் கோத்தார்கள். ஃபியூசி இல்லாத, மெலிந்த, மலிவான சுவிஸ் வாட்ச் சந்தையைப் பிடித்ததற்கு இந்தப் பிடிவாதமும் ஒரு காரணம் என்பேன்.

அழகில் என் ஓட்டு வெர்ஜுக்குத்தான். பேலன்ஸ் சக்கரத்தை மூடும் தகட்டில் கையால் துளைத்துச் செதுக்கிய கொடிகளையும் முகங்களையும் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பிந்தைய லீவர்களில் அந்த வேலை எளிமையாகிவிட்டது.

சரி, பெயருக்கு வருவோம். இயந்திரங்கள் பெரும்பாலும் அன்றைய லங்காஷயரின் பிரெஸ்காட்டில் அரைகுறையாக உருவாகி, லண்டன், லிவர்பூல், கவென்ட்ரி பட்டறைகளில் முழுமை பெற்றன. பல நேரங்களில் பொறித்திருப்பது கடைக்காரர் பெயரே. வெர்ஜில் இன்னொரு வம்பு உண்டு: 18-ஆம் நூற்றாண்டில் ‘லண்டன்’ என்று பொய்யாகப் பொறித்து விற்ற ‘டச்சுப் போலிகள்’. அவற்றில் பேலன்ஸ் தகடு இரு பக்கமும் கால் ஊன்றி நிற்கும். அசல் ஆங்கிலேய வேலையில் ஒரே கால்.

ஆண்டைச் சொல்வது வெள்ளிக் கூட்டின் ஹால்மார்க், அதாவது வெள்ளியைச் சோதித்த நிலையம் குத்திய முத்திரைகள். நடக்கும் சிங்கம் 92.5 சதவீத வெள்ளி. சோதித்த ஊரைச் சொல்லும் குறிகள்: சிறுத்தை முகம் லண்டன், நங்கூரம் பர்மிங்காம், கோதுமைக் கதிர்க்கட்டுகளும் வாளும் செஸ்டர். ஆண்டுக்கு ஓர் எழுத்தாகக் குத்திய ஆண்டெழுத்துகள் சுற்றுமுறையில் திரும்ப வருபவை. எழுத்தோடு அதைச் சுற்றிய கேடயத்தின் வடிவத்தையும் அட்டவணையில் ஒப்பிட வேண்டும்.

தினமும் அணிய லீவர்; கையில் வைத்து ரசிக்கவும் படிக்கவும் வெர்ஜ். வெர்ஜ் வாங்குபவர்கள் சங்கிலி அறுந்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இரட்டைக் கூடாக இருந்தால் உள்கூடு, வெளிக்கூடு இரண்டிலும் ஒரே ஆண்டெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒரு கூடு பின்னால் சேர்ந்ததாக இருக்கலாம், விலையையும் அதற்கேற்பக் குறைத்துக் கேட்கலாம்.