அம்மாவின் இரண்டு கண்களும் ஆறு பிரீமியங்களும்

திருவட்டாறில் வசிக்கும் என் அம்மாவுக்கு, அறுபது வயது நிறைந்த 2020 ஆகஸ்டில், ‘ஆரோக்ய சஞ்சீவனி’ என்ற மருத்துவக் காப்பீட்டுப் பாலிசி எடுத்தேன். அந்த ஆண்டு ஏப்ரலில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் கொண்டுவந்த இந்தப் பாலிசியை எந்த நிறுவனத்திடம் வாங்கினாலும் விதிமுறைகள் ஒன்றே என்பதுதான் அதைத் தேர்ந்தெடுக்கக் காரணம். காப்பீட்டுத் தொகை 3 லட்சம் ரூபாய். 2022-இல் வலக் கண்ணுக்கும் 2024-இல் இடக் கண்ணுக்கும் நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையில் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது.

கண்புரையைப் பொறுத்தவரை அந்த 3 லட்சத்துக்குப் பொருளே இல்லை என்பதை முதல் பில் வந்தபோதுதான் உணர்ந்தேன். ஒரு பாலிசி ஆண்டில் ஒரு கண்ணுக்கு, காப்பீட்டுத் தொகையின் 25 சதவீதம் அல்லது 40,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுவே உச்சவரம்பு. அதிலும் 5 சதவீதம் நம்முடைய பங்கு என்பதால் கைக்கு வருவது 38,000. கிளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்குப் போனஸ் சேர்ந்து காப்பீட்டுத் தொகை வளர்ந்தாலும் இந்த 40,000 அசைவதில்லை. 1 லட்சத்துக்குப் பாலிசி எடுத்தவருக்கோ வரம்பே 25,000தான். எங்களுக்கு முதல் கண்ணுக்கு 46,500 ரூபாயும் இரண்டாவதற்கு 54,000 ரூபாயும் ஆயின. ‘இன்சூரன்ஸ்தான் இருக்கிறதே’ என்று சொல்லி, தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒருசேரப் பயன்படும் விலை கூடிய லென்ஸைப் பரிந்துரைத்தார்கள். அந்தக் கூடுதல் முழுவதும் நம் பையிலிருந்துதான் போகும் என்பதை யாரும் சொல்லவில்லை. வாசிக்கக் கண்ணாடி போட்டுக்கொள்கிறேன் என்று அம்மா சாதாரண லென்ஸையே வைத்துக்கொண்டார்.

பணத்தைவிட அதிகம் அலைக்கழித்தது காத்திருப்புக் காலம், அதாவது பாலிசி எடுத்தபின் சில நோய்களுக்குக் கிளெய்ம் செய்ய முடியாத காலம். கண்புரைக்கு 24 மாதம் என்று பாலிசியில் இருந்ததால், அது முடிந்த பிறகே, 2022 அக்டோபரில், நாள் குறித்தோம். ஆனால் எத்தனை நாளாகப் பார்வை சரியில்லை என்று கேட்ட இளம் மருத்துவரிடம் அம்மா, “நாலஞ்சு வருஷமாட்டு மங்கல்தான் மக்களே” என்று சொல்லியிருக்கிறார். எங்கள் ஊரில் வயதானவர்கள் எதற்கும் சொல்லும் கணக்கு அது. தேங்காய் விலை குறைந்தது எப்போது என்று கேட்டாலும் நாலஞ்சு வருஷம் என்பார்கள். கேஸ் ஷீட்டில் அது ‘ஐந்து ஆண்டுகளாகப் பார்வைக் குறைபாடு’ என்று ஏறியது. பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்த நோய், அதற்கான காத்திருப்பு 48 மாதம், இரண்டில் நீண்டதே பொருந்தும் என்று சொல்லி, மருத்துவமனைக்குத் தானே நேரடியாகப் பணம் கட்டும் ‘கேஷ்லெஸ்’ வசதியைக் காப்பீட்டு நிறுவனம் மறுத்தது.

முழுத் தொகையையும் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்து பாலிசி ஆவணத்தை வரிவரியாக வாசித்தேன். முன்பே இருந்த நோய் என்பதற்கு அதில் தெளிவான வரையறை இருந்தது: பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 48 மாதங்களுக்குள் மருத்துவர் ஒருவர் கண்டறிந்திருக்க வேண்டும், அல்லது அதற்கு மருத்துவ ஆலோசனையோ சிகிச்சையோ பெற்றிருக்க வேண்டும். மங்கலாகத் தெரிந்தது என்ற நினைப்பு மட்டும் அதில் அடங்காது. அம்மா அதுவரை தக்கலையில் ஒரு கடையில் கண்ணாடி மாற்றியதோடு சரி, கண் மருத்துவரைப் பார்த்ததே இல்லை. புரை முதன்முதலில் கண்டறியப்பட்டது 2022 செப்டம்பரில்தான் என்று அறுவை செய்த மருத்துவரிடம் சான்று வாங்கி, வரையறையை அப்படியே மேற்கோள் காட்டி நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுதினேன். மறுத்தாலோ 30 நாளில் பதில் வராவிட்டாலோ சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி, வழக்கறிஞர் இல்லாமலே முறையிடலாம் என்பதால் அந்தக் கடிதத்தையும் எழுதி வைத்திருந்தேன். அதற்குத் தேவை வரவில்லை. நான்காம் வாரம் 38,000 ரூபாய் வந்தது.

இடக் கண்ணுக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று 2024 மே மாதம் ஆணையம் உத்தரவிட்டிருந்தது. காலையில் அனுப்பிய கோரிக்கைக்கு நாங்கள் கேன்டீனில் சாயா குடித்து முடிப்பதற்குள் ஒப்புதல் வந்துவிட்டது. மாலையில் வீடு திரும்பினோம். மறுநாள் கட்டு அவிழ்த்ததும் அம்மா முதலில் கண்டது அடுக்களைச் சுவரின் கரியை.

ஆண்டுக்கு 11,400 ரூபாயில் தொடங்கிய பிரீமியம் சென்ற ஆகஸ்டில் 19,600 ஆயிற்று. ஆறு ஆண்டுகளில் கட்டியது ஏறத்தாழ 92,000. திரும்பக் கிடைத்தது 76,000. கண்புரைக்காக மட்டும் என்றால் நான் இதை எடுக்கச் சொல்லமாட்டேன், ஏனெனில் அரசு மருத்துவமனைகளில் லென்ஸ் உட்பட இந்த அறுவை சிகிச்சை இலவசமாகவே நடக்கிறது. இதயமோ இடுப்பெலும்போ நாளைக்குப் படுத்தினால் அந்த 3 லட்சம் உதவும் என்பதற்காகவே தொடர்ந்து கட்டுகிறேன். தனிநபர் பிரீமியத்துக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் நீங்கியிருப்பதால் இந்த ஆகஸ்டில் சற்று மூச்சுவிடலாம்.

எனக்கெதற்கு இதெல்லாம் என்று தட்டிக்கழித்துவந்த அப்பாவுக்கு, எல்லா வயதினருக்கும் நிறுவனங்கள் பாலிசி வழங்க வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிறகு, வேறொரு பாலிசி எடுத்தேன். அவருக்கு இப்போது எழுபது. கண்புரைக்கான 24 மாதம் வருகிற ஜூனில் முடிகிறது. கண் மருத்துவரிடம் போகும் அன்று நானும் அறைக்குள் கூடவே போய், எத்தனை நாளாக என்ற கேள்விக்கு அவர் சொல்லும் பதிலைப் பக்கத்திலிருந்து கேட்கப் போகிறேன்.