நடுகல் படங்கள்: ஃபோல்டரா, டேகா?

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நடுகல் (இறந்த வீரர்களின் நினைவாக நட்ட கல்) தேடிப் போகிறவர்களுக்குப் படங்கள் மளமளவென்று சேர்ந்துவிடும். சின்னகொத்தூரில் எடுத்த புலிக்குத்திக் கல்லை, அதாவது புலியோடு போராடி இறந்த வீரனின் நடுகல் படத்தை, எந்த ஃபோல்டரில் வைப்பது? ஊர்ப் பெயரிலா, ஒய்சளர் என்ற அரச மரபின் காலம் என்றா, புலி என்றா? மூன்றிலும் நகல் போட்டால் ஒன்றில் செய்த திருத்தம் மற்றதில் இருக்காது. அதனால்தான் டேகுக்கு, அதாவது ஒரே படத்தில் எத்தனை வேண்டுமானாலும் ஒட்டக்கூடிய குறிச்சொல்லுக்கு, மாறினேன். இப்போது ‘புலி’ என்று தேடினால் பெண்ணேஸ்வரமடத்துக் கல்லும் தருமபுரிப் பக்கத்துக் கல்லும் சேர்ந்தே வருகின்றன. இந்த வசதியை விட்டுத் திரும்பிப்போக எனக்கு மனமில்லை.

ஃபோல்டரின் பலம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். எந்தக் கணினியிலும் திறக்கும், யாருக்கும் சொல்லித்தர வேண்டாம்.

டேக் போடுமுன் ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்: அது எங்கே பதிகிறது? விண்டோஸில் ஜேபெக் படத்தின் ப்ராப்பர்டீஸில், டீடெய்ல்ஸ் பகுதியில் எழுதினால் படத்துக்குள்ளேயே பதியும். பென்டிரைவில் போட்டாலும் கூடவே போகும். மேக்கில் கோப்புகளைப் பார்க்கும் ஃபைண்டரில் 2013-இல் வந்த டேக் அப்படியில்லை. அதைத் தாங்குவது கோப்பு இல்லை, வட்டில் கோப்புகளை அடுக்கிவைக்கும் ஃபைல் சிஸ்டம். எக்ஸ்ஃபேட் என்ற வேறு ஃபைல் சிஸ்டம் உள்ள பென்டிரைவுக்குப் போனால் புள்ளியும் அடிக்கோடும் முன்னால் வைத்த தனிக் கோப்பாக அது பிரிந்து நிற்கும். விண்டோஸ்காரர் யாராவது ‘இது என்ன குப்பை’ என்று அழித்தால் டேகும் போச்சு. (மேக்கை நான் அதிகம் புழங்கியதில்லை, நண்பரிடம் பார்த்த அளவில் சொல்கிறேன்.) படங்களை ஒழுங்குபடுத்த உதவும் டிஜிகேம் இலவசம், நல்ல மென்பொருள், ஆனால் டேகைப் படத்திலும் எழுதும்படி செட்டிங்ஸில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் எல்லாம் அதன் டேட்டாபேஸில் மட்டும் கிடக்கும். கணினி மாற்றும் நாளில்தான் அதன் வலி தெரியும்.

வாட்ஸ்அப்பில் இன்னொரு சங்கடம். படமாக அனுப்பினால் உள்ளே எழுதிய டேக் உதிர்ந்துவிடுகிறது. கல்வெட்டு வாசிப்பவர்களுக்கு நான் டாக்குமென்டாகவே அனுப்புகிறேன்.

பராமரிப்பு வேலையும் உண்டு. ஒருநாள் ஒய்சளர், மறுநாள் ஹொய்சாளர், இன்னொருநாள் போசளர் என்று எழுதினால் தேடலில் பாதிக் கற்கள் காணாமல் போகும். ஒரு பட்டியல் எழுதி வைத்து, அதிலிருந்து மட்டும் எடுத்துப் போடுங்கள்.

பிடிஎஃப் கோப்புகளுக்கு விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் டேக் போட முடியாது. கட்டுரைகளையும் மைப்படி (கல்வெட்டை மை தடவித் தாளில் எடுத்த படி) ஸ்கேன்களையும் இன்னும் ஊர்வாரியாக ஃபோல்டரில்தான் வைத்திருக்கிறேன், காலத்தையும் வகையையும் கோப்புப் பெயரிலேயே சேர்த்து.