பாங்காக் போகிறீர்களா? "அரண்மனை இன்றைக்கு மூடல்" என்று சொன்னால் நம்பாதீர்கள்

பாங்காக் போய் இறங்கிய மறுநாள் காலை எல்லாரும் போகும் இடம் பெரிய அரண்மனை. புதிதாக வருபவர்களை மொட்டையடிக்கும் கூட்டமும் அங்கேதான் நிற்கிறது. வருடக்கணக்காக வசனம்கூட மாறவில்லை.

இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் ஏதோ ஓர் அடையாள அட்டை, நல்ல ஆங்கிலம். "எந்த ஊர்?" என்று சிரித்தபடி ஆரம்பிப்பார். அடுத்து, "இன்று புத்தர் நாள், மதியம் 1 மணிக்குத்தான் திறப்பார்கள்" என்பார். அவர் கை காட்டும் வாசல் உண்மையிலேயே மூடித்தான் இருக்கும். அங்கேதான் சூட்சுமம். மதிலின் சுற்றளவு 1,900 மீட்டர். சுற்றுலாப் பயணிகள் நுழைவது வடக்கே நா பிரா லான் சாலையில் இருக்கும் விசெட் சாய் ஸ்ரீ வாசல் வழியாக. மெட்ரோவில் சனாம் சாய் நிலையத்தில் இறங்குபவர் தெற்கிலிருந்து மதிலோரமாகவே வடக்கு வரை நடக்கவேண்டும். வழியில் பார்ப்பதெல்லாம் மூடிய வாசல்கள். அந்த நடைபாதைதான் இவர்களின் வேட்டைக்களம்.

புத்தர் நாள் என்று அரண்மனைக்குள் இருக்கும் புத்தர் கோயிலை மூடுவார்களா? வைகுண்ட ஏகாதசியன்று பெருமாள் கோயில் நடையைச் சாத்துவது போலத்தான்! அரச சடங்கு நாட்களில் அரண்மனையை மூடுவது உண்டு. அதை அரண்மனையின் இணையதளத்திலேயே முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம். மற்றபடி தினமும் காலை 8:30 முதல் பிற்பகல் 3:30 வரை டிக்கெட் கொடுக்கிறார்கள், வெளிநாட்டவருக்கு 500 பாட் (தாய்லாந்துப் பணம்). தோளும் முட்டியும் மூடிய உடை வேண்டும்.

பிறகு அவரே ஒரு துக்துக்கை, அதாவது அந்த ஊர் ஆட்டோவை, கைதட்டிக் கூப்பிடுவார். 20 பாட் கொடுத்தால் மூன்று கோயில், நடுவில் ஒரு ரத்தினக் கடை. அந்தக் காசுக்கு எந்த துக்துக்கும் ஊர் சுற்றிக் காட்டாது. ஓட்டுநருக்குக் கடை தரும் எரிபொருள் கூப்பனும் கமிஷனும்தான் வருமானம். முதல் கோயிலில் ஆளே இருக்காது, ஒருவரைத் தவிர. அவர் பேச்சோடு பேச்சாக, "அரசாங்கக் கடையில் இன்றோடு வரிச்சலுகை முடிகிறது, போன தடவை வாங்கிய நீலக்கல்லை ஊரில் இரட்டை விலைக்கு விற்றேன்" என்பார். துக்துக்காரரும் அதையே சொல்வார். ஒருவருக்கொருவர் தெரியாதது போல இரண்டு பேர் ஒரே சங்கதியைச் சொன்னால் யாருக்குத்தான் நம்பிக்கை வராது?

கடையில் கொடுப்பது பெரும்பாலும் கண்ணாடி அல்ல, நிஜக் கல்தான். ஆனால் மட்ட ரகம், விலை பல மடங்கு. போலி என்றால் வழக்குப் போடலாம். விலை அதிகம் என்றால் "நீங்கள்தானே சம்மதித்து வாங்கினீர்கள்" என்ற பதில்தான் கிடைக்கும். கடைக்காரரே தரும் சான்றிதழுக்கு மதிப்பில்லை. கல் வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால், பணம் கொடுப்பதற்கு முன் தாய்லாந்து ரத்தின ஆபரண நிறுவனம் போன்ற ஆய்வகத்தில் சோதிக்கச் சொல்லுங்கள். நேர்மையான வியாபாரி மறுக்கமாட்டார்.

இன்னொன்று: "பாதுகாப்பாக உங்கள் வீட்டுக்கே கூரியர் செய்துவிடுகிறோம்" என்பார்கள். கல் ஊர் போய்விட்டால் திருப்பிக் கொடுக்க உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால் தாய்லாந்தை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே கல், ரசீது, கார்டு சீட்டோடு சுற்றுலாப் போலீசிடம் போங்கள், எண் 1155. வங்கிக்கும் அன்றைக்கே தகவல் சொல்லிவிடுங்கள்.

இதற்காக ஊரையே சந்தேகப்பட வேண்டாம். தாய்லாந்துக்காரர்கள் கேட்டால் பொறுமையாக வழி சொல்வார்கள். ஆனால் நடுவழியில் அந்நியரை வலிய நிறுத்திப் பேசுவது அவர்களிடம் அபூர்வம். அதைச் செய்பவரிடம் சிரித்துக் கைகூப்பிவிட்டு நடையைக் கட்டுங்கள்.

டாக்ஸி பற்றி ஒரு வார்த்தை. சாதாரண டாக்ஸியில் மீட்டர் 35 பாட் என்று தொடங்கும். "மீட்டர் ரிப்பேர்" என்றால் இறங்கி அடுத்த வண்டியைப் பாருங்கள். சுவர்ணபூமி விமான நிலையத்தில் தரைத்தளத்தில் (1-ஆம் தளம்) இயந்திரம் டாக்ஸிக்கான சீட்டு தரும். மீட்டரோடு 50 பாட் விமான நிலையக் கட்டணமும், விரைவுச் சாலையில் போனால் சுங்கமும் சேரும். அந்தச் சீட்டைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள், ஓட்டுநர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். புகார் செய்ய அதுதான் ஆதாரம்.