“அப்படியே வந்துரும்ணே”: க்ளோன் போடக் கொடுத்து நான் பட்ட பாடு

செக்கானூரணிப் பக்கம் மொய் எழுதுவது என் தொழில். இல்ல விழா, காதணி விழா, வசந்த விழா என்று உசிலம்பட்டி வரைக்கும் எங்கே பந்தல் போட்டாலும் லேப்டாப்பும் சின்ன பிரிண்டருமாகப் போய் உட்கார்ந்துவிடுவேன். மொய் செய்கிறவர் பேரும் ஊரும் சொன்னால் ரசீது கையில் வந்துவிடும். மறுநாள் விழா வீட்டுக்கு ஊர்வாரியாகப் பிரித்து அச்சடித்த மொய்ப் புத்தகம் போகும். ஆனால் எழுதுவதைவிடத் தேடிக் கொடுப்பதுதான் பெரிய வேலை. “ஆறு வருசத்துக்கு முன்னாடி எங்க மச்சினன் விசேசத்துக்கு அவுக என்ன செஞ்சாக?” என்று ராத்திரி பத்து மணிக்குப் போன் வரும். வாங்கினதைவிடக் குறைத்துச் செய்துவிட்டால் பேச்சுவார்த்தையே நின்றுபோகிற ஊர்.

அப்படி ஒன்பது வருடக் கணக்கு என் பழைய லேப்டாப்பின் ஹார்டு டிஸ்க்கில் இருந்தது. கீல் உடைந்து, திரையை நோட்டுப் புத்தகம் முட்டுக்கொடுத்து நிறுத்த வேண்டிய நிலைமை. ஆவணி முகூர்த்தங்கள் வருவதற்குள் மாற்றிவிடலாம் என்று புது லேப்டாப் வாங்கினேன். 512 ஜிபி எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக இப்போது வருவது), விண்டோஸ் 11 எல்லாம் உள்ளேயே இருந்தது. மொய் மென்பொருளையும் கணக்கையும் அதற்கு மாற்றுவது மட்டும்தான் பாக்கி. இரண்டு லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு மதுரை ஆரப்பாளையத்தில் பஸ் இறங்கி, ஒருவர் சொன்ன கடைக்குப் போனேன். கடைப் பேர் எழுதவில்லை.

“க்ளோன் போட்டுக் குடுத்துர்றேன்ணே. பழைய லேப்டாப்புல என்ன இருக்கோ அப்படியே வந்துரும்ணே. நூறு லேப்டாப்புக்குப் பண்ணியிருக்கோம்” என்றான் அந்தத் தம்பி. புது லேப்டாப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பழையதில் என்ன விண்டோஸ் என்றும் கேட்கவில்லை. அப்போதே நான் எழுந்து வந்திருக்க வேண்டும். புது லேப்டாப்பில் இருக்கிற எஸ்எஸ்டியைத் தொட்டால் வாரண்டி போய்விடும், தனியாக ஒன்று வாங்கி அதில் க்ளோன் போட்டு மாட்டலாம் என்றான். மூடியைத் திருகிக் கழற்றுவதற்கு மட்டும் வாரண்டி போகாதாம்! சரி என்றேன். எஸ்எஸ்டி 3,800, க்ளோன் 1,500. டப்பாவை என் கண் முன்னால்தான் பிரித்தான். டப்பாவை மேசைக்குக் கீழே தள்ளிவிட்டு வேலையைப் பார்த்தான். பில் கேட்டதற்கு வெள்ளைத் தாளில் கூட்டல் போட்டுக் கொடுத்தான்.

சாயங்காலம் போனால் புது லேப்டாப்பில் கறுப்புத் திரை. பூட் ஆகிற டிவைஸ் எதுவுமில்லை என்று ஒரு வரி. “நாளைக்கு வாங்கண்ணே.” மறுநாள் நீலத் திரை, சோகமாக ஒரு முகம், கீழே ‘இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்’. “உங்க போர்டுல பிரச்சினைண்ணே, டிரைவர் செட்டிங் பண்ணணும், 900 ஆகும்.” அதையும் கொடுத்தேன். மூன்றாம் நாளும் அதே சோக முகம்தான்.

பிறகு விவரம் தெரிந்தவர் சொல்லித்தான் எனக்கு விளங்கியது. அவன் சொன்ன நூறு லேப்டாப் கணக்கு பொய்யாக இருக்காது. பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அதன் நகலை அதே லேப்டாப்பில் மாட்டினால் பெரும்பாலும் ஓடிவிடும். வேறு லேப்டாப்பில் மாட்டுவது வேறு கதை. நகலில் இருக்கும் விண்டோஸ், இன்னும் பழைய லேப்டாப்பில்தான் இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டுதான் எழும். லேப்டாப்பை முதலில் எழுப்பிவிடும் அடிப்படை மென்பொருள்தான் பயாஸ். என் பழையது பழங்கால பயாஸ் முறையில், எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரித்த டிஸ்க்கிலிருந்து கிளம்பும் ஆள். புது லேப்டாப்புக்குத் தெரிந்தது அதற்குப் பின் வந்த யுஇஎஃப்ஐ முறை மட்டும். அதற்கு டிஸ்க் ஜிபிடி என்ற புது முறையில் பிரித்ததாக இருக்க வேண்டும். முதல் நாள் கறுப்புத் திரை அதனால்தான். டிஸ்க்கை அழிக்காமலே ஜிபிடியாக மாற்றும் கருவி 2017 முதல் விண்டோஸ் 10-க்குள்ளேயே இருக்கிறது. ராத்திரி அதை யாரோ சொல்லி ஓட்டியிருக்கிறான், அதுவரை சரி. அடுத்த தடை டிஸ்க்கை நிர்வகிக்கும் கன்ட்ரோலர். பதினோராம் தலைமுறை இன்டெல் முதற்கொண்டு பல லேப்டாப்களில் விஎம்டி என்று இன்டெல்லின் கன்ட்ரோலர் ஒன்று போட்டே வருகிறது. அதோடு பேசத் தெரிந்த சின்ன மென்பொருளான டிரைவர் பழைய விண்டோஸ் 10-இல் இல்லையென்றால், பாதி எழுந்த பிறகு தன் டிஸ்க்கே அதன் கண்ணுக்குத் தெரியாது. நீலத் திரைக்குக் காரணம் இது. போர்டில் ஒரு கோளாறும் இல்லை.

நடுவில் ஞாயிற்றுக்கிழமை கருமாத்தூரில் ஒரு இல்ல விழா. ஒப்புக்கொண்டாகிவிட்டது. நீளமான கணக்கு நோட்டும் நாலு பேனாவுமாகப் போய் உட்கார்ந்தேன். ஒன்பது வருடத்துக்குப் பிறகு கையால் மொய் எழுதுகிறேன். முப்பதாவது பேரிலேயே விரல் மரத்துவிட்டது. வரிசை பந்தியைத் தாண்டிப் போய் நின்றது. ஒரு பெரியவர், “என்னப்பா, கம்ப்யூட்டருக்குக் காய்ச்சலா?” என்று சிரித்துவிட்டுப் போனார். இன்னொருத்தர் சிரிக்கவில்லை. போன விசேஷத்தில் தான் செய்தது 5,000, விழா வீட்டுக்காரர் 3,000 என்கிறார், “எடுத்துக் காட்டுப்பா” என்று நின்றுவிட்டார். எதை எடுத்துக் காட்டுவது?

திங்கட்கிழமை காலையிலேயே கடைக்குப் போய், எனக்கு க்ளோனும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், பழைய ஹார்டு டிஸ்க்கைக் கொடு என்றேன். “அதை எக்ஸ்சேஞ்ச்ல எடுத்துக்கிறோம்ணே, 300 தர்றேன்” என்றான். ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பேர், ஊர், போன் நம்பர், யார் யாருக்கு எவ்வளவு செய்தார்கள் என்கிற கணக்கு, இதெல்லாம் 300 ரூபாய்க்கு! முடியாது என்று உட்கார்ந்துவிட்டேன். உள்ளே போய் ஒன்றை எடுத்து வந்து நீட்டினான். அதே கம்பெனி, அதே 500 ஜிபி. புரட்டிப் பார்த்தேன். என்னுடையது இல்லை.

எப்படித் தெரியும் என்றால், அந்த ஹார்டு டிஸ்க் ஒரு ஆயுத பூசை சமயம் மாட்டியது. மாட்டுவதற்கு முன்னால் என் மனைவி ஸ்டிக்கர் ஓரத்தில் ஒரு சந்தனப் பொட்டு வைத்துவிட்டாள். அப்போது திட்டினேன். “தம்பி, என்னோடதுல பொட்டு இருக்கும்” என்றதும் அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். பத்து நிமிடத்தில் பொட்டு வைத்தது வந்தது, காய்ந்து பாதி உதிர்ந்த பொட்டோடு. உங்கள் டிஸ்க்கில் பொட்டு இருக்காது. கொடுப்பதற்கு முன் ஸ்டிக்கரில் இருக்கும் சீரியல் நம்பரைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் உசிலம்பட்டியில் வீட்டிலேயே சர்வீஸ் பார்க்கும் ஒரு அண்ணனிடம் போனேன். அவர் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன் கேட்டது, புது லேப்டாப் மாடல் என்ன, பழையதில் எந்த விண்டோஸ், எந்த மென்பொருளுக்காக இவ்வளவு பாடு என்று. லேப்டாப்போடு வந்த எஸ்எஸ்டியைத் திரும்ப மாட்டினார். கடையில் பயாஸில் எதையெதையோ மாற்றி வைத்திருந்ததால் அது தன்னைப் பூட்டிக்கொண்டு, திறப்பதற்கு 48 இலக்க ரெக்கவரி எண்ணைக் கேட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. “பயப்படாதீங்க, உங்க மைக்ரோசாஃப்ட் கணக்குலயே கிடக்கும்” என்றார், கிடந்தது. பயாஸைப் பழையபடி வைத்தார். விண்டோஸ் 11 எழுந்தது. இதே நிலையில் ‘ஃபார்மேட் பண்ணிடலாம்ணே’ என்று ஒருவன் சொன்னால் நான் தலையாட்டியிருப்பேன்.

மொய் மென்பொருளை எழுதியவருக்குப் போன் போட்டோம். மென்பொருள் லேப்டாப்போடு பூட்டியது, புது மெஷினுக்குப் புதுச் சாவி எண் வேண்டும், க்ளோன் ஓடியிருந்தாலும் அதைக் கேட்டிருக்கும் என்றார். சாவியைக் காசு வாங்காமல் அனுப்பினார். “க்ளோன் எதுக்குண்ணே? டேட்டா போல்டரை மட்டும் எடுத்துப் புதுசுல போட்டா முடிஞ்சுது” என்றும் சொன்னார். பழைய ஹார்டு டிஸ்க்கை யுஎஸ்பி கேபிளில் சொருகி அந்த போல்டரைக் காப்பி செய்தோம். அண்ணன் வீட்டு அக்கா கொடுத்த டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. ஒன்பது வருட மொய், மொத்தம் 1.4 ஜிபி. இதற்குத்தான் 6,200 ரூபாயும் ஒரு வாரமும். அண்ணன் வாங்கியது 500. முதலில் தேடியது கருமாத்தூர்க்காரர் கணக்கைத்தான்: 5,000 என்றுதான் இருந்தது.

கிளம்பும்போது அண்ணன், கடையில் வாங்கிய எஸ்எஸ்டியையும் சொருகி, டிஸ்க் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளில் திறந்து காட்டினார். புத்தம் புதியது என்று வாங்கிய சரக்கு 7,860 மணி நேரம் ஓடியிருக்கிறது. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் என்று வைத்தாலும் இரண்டு வருடத்துக்கு மேல். டப்பா புதுசு, உள்ளே பழசு. எஸ்எஸ்டி எங்கே வாங்கினாலும் கடையை விட்டு இறங்குவதற்கு முன் அந்த ‘பவர் ஆன் அவர்ஸ்’ எண்ணைக் காட்டச் சொல்லுங்கள்.

பில் இல்லாவிட்டாலும் பணம் யுபிஐயில் போனதால் பதிவு இருக்கிறது. அவன் கையால் கூட்டல் போட்ட தாளும் இருக்கிறது. நுகர்வோர் உதவி எண் 1915-இல் சொல்லி வைத்திருக்கிறேன். அதில் ஆகவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். நாம் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். இதைத் தம்பியிடமும் போனில் சொன்னேன்.

நேற்று அவனே கூப்பிட்டான். குரலில் அண்ணே ரொம்பக் குழைந்தது. “எஸ்எஸ்டியைத் திருப்பி எடுத்துக்கிறேன்ணே, 3,800-ஐயும் தந்துர்றேன். டப்பாவோட கொண்டாங்க, டப்பா இல்லாட்டி ஓனர் ஒத்துக்க மாட்டாரு.”

டப்பா அவன் மேசைக்குக் கீழேதான் கிடக்கிறது.