ஐந்து வருடமாக எங்கள் வீட்டில் பழைய உலோகப் பொருட்கள்

லாரியின் பாரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டையில் அடித்த கத்தி, பல்சக்கரங்களை அடுக்கிச் செய்த மேசை விளக்கு, பழைய அலுமினியத் தகட்டை மடித்துச் செய்த செடித்தொட்டி. இவை வீட்டுக்கு வந்து ஐந்து வருடமாகிறது. மூன்றையும் தினமும் புழங்கிய பிறகு எனக்குத் தெளிவாகத் தெரிவது இதுதான்: அந்த உலோகம் முன்பு என்ன வேலை பார்த்தது என்று யோசித்துச் செய்த பொருள்தான் நின்று உழைக்கிறது.

கத்தியில்தான் நிறையக் கற்றுக்கொண்டேன். பட்டை எஃகில் சுமார் 0.6 சதவீதம் கார்பன் உண்டு, கத்திக்கு நல்ல இரும்பு. ஆனால் வண்டியில் இருக்கும்போது அதன் பதம் வளைந்து நிமிர்வதற்கானது. அதை அப்படியே தேய்த்துக் கத்தியாக்கினால் கூர் தங்காது. நான் முதலில் வாங்கியது அப்படித்தான், மூன்றே வாரத்தில் விளிம்பு மடங்கிக்கொண்டது. இரண்டாவதைச் செய்து தந்தவர் பட்டையைச் சிவக்கக் காய்ச்சி, எண்ணெயில் முக்கி, அப்புறம் 200 டிகிரி செல்சியஸ் வாக்கில் மறுபடி சூடேற்றிப் பதம் எடுத்திருந்தார். இன்றும் அதுதான் கையில் இருக்கிறது. எலுமிச்சை நறுக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் விட்டாலே கருநீலமாகிவிடும். ஆரம்பத்தில் பதறிப்போய்த் தேய்த்துக் கழுவினேன். இப்போது விட்டுவிடுகிறேன், அந்தப் படலம் படிந்த பிறகு செந்துரு பிடிப்பது நன்றாகக் குறைந்திருக்கிறது. கழுவினால் உடனே துடைக்க வேண்டும், அது மட்டும் கட்டாயம். ஓடித் தேய்ந்த பட்டையில் மயிரிழை விரிசல் இருக்கலாம் என்பதால், வாங்கும்போது வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்.

விளக்கைப் பற்றிப் பெரிதாகக் குறையில்லை. அடி கனமாக இருப்பதால் சாயாது. பற்களுக்கு இடையில் சேரும் தூசியைப் பழைய பல்துலக்கியால் எடுக்கிறேன், வருடத்துக்கு ஒரு தடவை மெழுகு பூசுகிறேன்.

செடித்தொட்டிதான் மனதைக் கஷ்டப்படுத்தியது. அலுமினியத் தகட்டை இரும்புத் திருகு போட்டு இணைத்திருந்தார்கள். இரண்டு உலோகம், நடுவே எப்போதும் ஈரம். இப்படிச் சேர்ந்தால் அலுமினியம்தான் முதலில் அரிக்கும். ஒன்றரை வருடத்தில் ஒவ்வொரு திருகைச் சுற்றியும் வெள்ளை மாவு, விரல் வைத்தால் தகடு உதிர்ந்தது. அரித்த ஓரத்தை வெட்டி எடுத்துவிட்டு அலுமினிய ரிவிட் அடித்தேன். அதற்குப் பிறகு மாவு இல்லை. செய்பவர் அன்றைக்கே ரிவிட் போட்டிருந்தால் தகடு வீணாகியிருக்காது.

பழைய அலுமினியத்தை உருக்கித் திரும்ப எடுக்க, தாதுவிலிருந்து எடுப்பதில் சுமார் 5 சதவீத ஆற்றல் போதும். தகட்டை அப்படியே மடித்துப் பயன்படுத்தினால் அந்த உருக்கும் செலவும் இல்லை. அதனால்தான் தொட்டியைத் தூக்கிப்போட மனம் வரவில்லை.

பழைய பெயின்ட் ஒட்டியிருக்கும் பொருளை மட்டும் நான் வீட்டுக்குள் விடுவதில்லை. அதில் ஈயம் இருக்கலாம். சுத்தமாக நீக்கித் தந்தால் சரி, இல்லையென்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.