தனியாக மூழ்குபவருக்கு 3 லிட்டர் துணைச் சிலிண்டர்

துணையின்றிக் கடலில் மூழ்குபவருக்குக் காற்றைப் பகிர்ந்துகொள்ள அருகில் எவரும் இல்லை என்பதால், தனி ரெகுலேட்டருடன் (சிலிண்டரின் காற்றை மூச்சுக்கேற்ற அழுத்தத்தில் தரும் கருவி) கூடிய இந்தச் சிறு சிலிண்டரை வாங்கி ஓராண்டாகப் பயன்படுத்தி வருகிறேன்.

200 பார் அழுத்தத்தில் இதில் ஏறத்தாழ 600 லிட்டர் காற்று அடங்கும். 30 மீட்டர் ஆழத்தில் பழுது நேர்ந்து, பதற்றத்தில் மூச்சு நிமிடத்துக்கு 40 லிட்டராக உயர்ந்தாலும், உடனே நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் மேலேறி, 5 மீட்டரில் 3 நிமிடம் நின்று வெளிவர அது போதும். ஆனால், அந்த ஆழத்தில் அழுத்தம் நீர்மட்டத்தைப் போல நான்கு மடங்கு; காற்றும் நான்கு மடங்கு செலவாகும். அங்கே ஒரு நிமிடம் தயங்கினாலே 160 லிட்டர் கரைந்துவிடும் என்பதால், 25 மீட்டருக்குக் கீழே செல்பவர்கள் பெரிய அளவையே வாங்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன்.

அழுத்தமானி மிகச் சிறியது. மங்கிய ஒளியில் எண்கள் தெரிவதில்லை. எனினும், நீரில் இறங்கும் முன் அதைப் பார்த்தபடியே நான்கு முறை ஆழமாக மூச்சிழுப்பதை நான் ஒருநாளும் விடுவதில்லை. ஒரு காலையில், ஒவ்வொரு மூச்சுக்கும் ஊசி சரிந்து, பின் மெல்ல எழுந்தது. வால்வை அரைகுறையாகத் திறந்திருந்தேன். படகிலேயே அது தெரிந்ததால் முழுதும் திறந்து, மீண்டும் நான்கு மூச்சு இழுத்து, ஊசி அசையாமல் நின்ற பிறகே இறங்கினேன்.

பக்கவாட்டில் தொங்கவிடும் பட்டைகள் உறுதியானவை. மாற்று வாய்க்குழாயைக் கழுத்தில் மாட்டும் ரப்பர் வளையத்தை மட்டும் தனியாக வாங்க நேர்ந்தது.