காட்டுறதா, விடுறதா?

கிளிநொச்சியில் படிப்பிக்கிற தங்கச்சி, இரவில் கனடாக் கடையொன்றுக்குப் படம் திருத்திக் கொடுக்கிறாள். மாதம் 200 டொலர். "இந்தச் சில்லறையையும் வருமான வரியில காட்டோணுமோ அண்ணா?"

விட்டால், நவம்பர் 30க்கு முன் வரி அறிக்கை நிரப்பிக் கொடுக்கிற ஒரு வேலை குறையும். அவ்வளவுதான் லாபம். இலங்கையில் வசிப்பவர் எந்த நாட்டில் இருந்து உழைத்தாலும் அது வருமானம்தான்.

காட்டினால் என்ன போகும்? கொப்பியின் பின்பக்கத்தில் கூட்டிப் பார்த்தோம். டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் வருடம் 7.2 இலட்சம். சம்பளம் 12 இலட்சம். மொத்தம் 19.2. 2025 ஏப்ரலில் இருந்து 18 இலட்சம் வரை விலக்கு, மிச்சம் 1.2 இலட்சத்துக்கு 6 வீதம். வரி 7,200 ரூபாய். இதற்கோ இத்தனை நாள் நித்திரை கெட்டாள்!

காசு வெளிநாட்டு நாணயமாக வங்கி வழியே வந்தால், அந்த உழைப்பு எவ்வளவு கூடினாலும் அதற்கு வரி 15 வீதத்தைத் தாண்டாது. வங்கியில்லாமல் ஆள் மாறிக் கைக்கு வருகிற உண்டியலில் வந்தால் அந்தச் சலுகை இல்லை. ரொறன்ரோ மாமா வீட்டுச் செலவுக்கு அனுப்புவது வேறு கதை. அது அவள் உழைப்பில்லை.

நான் காட்டச் சொன்னேன். வீட்டுக் கடனுக்குப் போனால் நீட்ட ஒரு தாளாவது இருக்கும்.